சிப்பு ஐயாவின் ஆறு நிமிடம்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இதுவரை முளைத்த காதுகளிலேயே உயர்ந்தவை இரண்டுதான், அந்த இரண்டும் தன் தலையில்தான் இருக்கின்றன என்று உறுதியாக நம்பியவர் எங்கள் சிப்பு ஐயா. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தபோது அவர் அங்கே தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

போனில் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கும். அதை ஒலியாக மாற்றுவது நகத்தளவு மின்னணுச் சிப்பு ஒன்று. சிப்பு சரியில்லாவிட்டால் பாடகிக்குத் தொண்டையில் சளி கட்டிவிடும் என்பது ஐயாவின் சித்தாந்தம். அமெரிக்கச் சிப்பு, ஜப்பான் சிப்பு, சீனச் சிப்பு என்று மூன்று பெட்டிகள் வைத்திருந்தார். மூன்றும் குமிழ் வைத்த நாலாவது பெட்டியில் வந்து சேரும். குமிழைத் திருப்பினால் சிப்பு மாறும்.

எதையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தெரிந்த வழி தேயிலை ருசி பார்க்கிற வழிதான். தூளுக்கு வெந்நீர் ஊற்றி ஆறு நிமிடம் ஊற விடுவார்கள் அல்லவா? அதே மாதிரி பாட்டைப் போட்டுவிட்டு ஆறு நிமிடம் என்னையும் தொழிற்சாலை ஆட்களையும் வாசலில் நிறுத்துவார். பாட்டு நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும். மறுபடி போடுவார். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பார். ஒரு மிடறுதான் கேட்க வேண்டும். அதற்குமேல் கேட்டால் காதின் ருசி கெட்டுவிடுமாம். தேயிலைக்குச் சொல்கிற மாதிரியே, ஜப்பானில் சாயம் இருக்கிறது, கடுப்பு போதாது. சீனத்தில் பச்சை வாடை என்றெல்லாம் தடித்த கொப்பியில் எழுதிக்கொள்வார். எனக்கு மூன்றும் ஒரே பாட்டு. ஆனாலும் இரண்டாவதில் லேசாகக் கருகல் வாசம் வருகிறது என்று கூசாமல் சொல்லுவேன். ஐயா பூரித்துப்போவார்.

நாற்பதை நெருங்கியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு சம்பந்தங்களைப் பெண்ணுக்குக் காது போதாது என்று அவரே கெடுத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்தது லுணுகலையில் ஒரு டீச்சர். படத்தைப் பார்த்ததுமே ஐயாவுக்குப் பிடித்துவிட்டது.

"இதுவும் போச்சுன்னா எனக்கு வேற இல்ல, கிளாக்கரே," என்றார்.

அப்படிச் சொன்ன மனுஷன், பெண் பார்க்கப் போகிற அன்று பழத்தட்டை என் கையில் திணித்துவிட்டு, நாலு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பெண் வீட்டார் மொத்தப் பேரும் ஆறு நிமிடம் முற்றத்தில் நின்றார்கள். பிறகு டீச்சர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஐயா குமிழைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை கேட்க வைத்தார்.

"மூணும் ஒண்ணுதாங்க," என்றார் டீச்சர்.

ஐயாவின் முகம் செத்துப்போயிற்று. செருப்பு எங்கே கிடக்கிறது என்று நான் தேட ஆரம்பித்தேன். டீச்சர் எழுந்து வந்து குமிழைத் தானே திருப்பிப் பார்த்தார். அது நிற்காமல் சுற்றியது. லேசாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது. உள்ளே தண்டு முறிந்து சீனச் சிப்பிலேயே நின்றிருந்தது. முறிந்த இடத்தில் துருவே ஏறிவிட்டது. கொப்பியில் அத்தனை பக்கமும் ஐயா ஒரே சிப்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

வேறு யாராவது என்றால் பஸ் குலுக்கியதன்மீது பழியைப் போட்டிருப்பார்கள். ஐயா குமிழை வாங்கித் துருவை விரலால் தடவிப் பார்த்தார்.

"பிழை என்னோடதுதாங்க டீச்சர். இம்புட்டு நாளா இல்லாதத இருக்குன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்."

டீச்சர் அப்போதுதான் சிரித்தார். பிறகு தாயைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்மா. பிழைய ஒத்துக்கிற ஆளு," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "மூணும் ஒண்ணுன்னு இத்தன நாளும் ஒங்களுக்குமா தெரியல, கிளாக்கரே?" என்று ஐயா கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். உண்மையைச் சொல்லி அதை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.