இடதுபக்க ஸ்பீக்கர்

கார்க் கதவின் உள் அட்டையைக் கழற்றியதும் ஸ்பீக்கரின் காகிதம் பொடிப்பொடியாக உதிர்ந்து மெக்கானிக் சாலமோனின் மடியில் விழுந்தது.

"இன்னா சார், எலி தின்ன அப்பளம் மாதிரி கீது. இதுலயா பாட்டு கேட்டுகினு இருந்தீங்க?"

"கேக்கலைன்னுதானே வந்திருக்கேன்" என்றான் ரவிச்சந்திரன். "மூவாயிரத்துக்குள்ள முடி."

காருக்குப் பதினேழு வயது. அதற்கு மூவாயிரமே அதிகம் என்பது சாலமோனுக்கும் தெரியும், ரவிச்சந்திரனுக்கும் தெரியும். ஆனால் விஷயம் காரைப் பற்றியதல்ல. மனைவி கல்யாணி பேசுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகப்போகிறது.

ரவிச்சந்திரன் சதுரங்கப்பட்டினத்தில் ஐஸ் பேக்டரியில் கம்ப்ரஸர் ஆபரேட்டர். பதினோரு வருடமாக நைட் ஷிப்ட். அவன் வீடு திரும்பும்போது அவள் வேலைக்குக் கிளம்புவாள். அவள் திரும்பும்போது அவன் கிளம்பியிருப்பான். புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸ் வரை, காலை முக்கால் மணி நேரம் கார்தான் அவர்களுடைய குடும்பம். முன்பெல்லாம் அந்த முக்கால் மணி நேரமும் கல்யாணி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். நைட் ஷிப்ட்டை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லி விடாததுதான் கோபம் என்று அவன் நினைத்தான். ஷிப்ட்டை விட முடியாது. அவள் பக்கத்து ஸ்பீக்கரையாவது மாற்றலாம்.

செகண்ட் ஹேண்ட் ஸ்பீக்கர் இரண்டு மாட்டினார்கள். வலதுபக்கம் கணீரென்று கேட்டது. இடதுபக்கம் பழையபடிதான்.

"லெஃப்ட்டுல சத்தமே வரலியே."

"வருதே சார்."

"எனக்கு வரல."

"அப்ப பெருசாப் போட்டுடலாம்" என்றான் சாலமோன்.

பெரிய ஸ்பீக்கருக்குக் கதவைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய பிறகு, இடதுபக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை. மார்ச் மாத வெயில். காரில் ஏசி கிடையாது. கல்யாணி பாதி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை வந்தாள்.

அங்கே செங்கம்மாள் ஏறினாள். பூக்கூடையோடு தினமும் செங்கல்பட்டு மார்க்கெட் வரை அவர்களோடு வருகிறவள். பஸ்ஸில் கூடைக்குத் தனி டிக்கெட் கேட்கிறான் என்று ஒருநாள் அலுத்துக்கொண்டபோது கல்யாணிதான் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து பின்சீட்டு அவளுடையது.

"இன்னா நைனா, புதுசா? கூடைல பூவெல்லாம் குதிக்குது" என்றாள். மார்க்கெட்டில் ஏலம் கேட்டுப் பழகிய தொண்டை. எங்கே உட்கார்ந்து பேசினாலும் கேட்கும்.

"லெஃப்ட்டுல கேக்குதா உனக்கு?"

"கேக்குதாவா? காது கிழியுது."

பூ விற்கிறவளுக்கு ஸ்டீரியோ என்ன தெரியும் என்று ரவிச்சந்திரன் விட்டுவிட்டான்.

அடுத்து ஆம்ப்ளிஃபயர். வைக்க இடமில்லாமல் கல்யாணியின் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். அது சூடேறி, அவள் காலடியில் வைத்த தயிர் சாதம் பள்ளிக்கூடம் போவதற்குள் புளித்தது. பேட்டரி தாங்காமல் வண்டி வழியில் நின்றது. கல்யாணியும் செங்கம்மாளும் இறங்கித் தள்ளினார்கள். ஹாரன் அடித்தால் பாட்டு நின்றது. பாட்டு ஓடினால் ஹாரன் அடிக்கவில்லை. மூவாயிரம் எப்போதோ தாண்டிவிட்டது.

கல்யாணியின் முகம் ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் இறுகியது. ஒவ்வொரு வாரமும் அவன் இன்னும் கொஞ்சம் ஒலியை ஏற்றி, மொத்தத்தையும் அவள் பக்கமே திருப்பி வைத்தான். அவளுக்குப் பிடித்த பழைய பாட்டுகளாகத் தேடிப் போட்டான். அவளும் ரசிக்கட்டும் என்று தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினான். சில நாள் அவள் அவனையே பார்த்தாள். சரி, கொஞ்சம் இளகுகிறாள் என்று இன்னும் நன்றாக ஆட்டினான்.

ஜூன் முதல் திங்கட்கிழமை அவன் ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலில் பெரிய பெட்டி இருந்தது.

"என்ன பெட்டி?"

கல்யாணி அவனை நேராகப் பார்த்தாள். "திருச்சிக்கு. அங்க புது ஸ்கூலு, ஹாஸ்டல் வார்டன் வேலை. இன்னிக்கு ஜாயின் பண்ணணும்."

கேட்காமல் முடிவெடுத்தவளிடம் என்ன பேசுவது? பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தான்.

அன்று பாட்டுப் போடவில்லை. முக்கால் மணி நேரமும் சாலையைத்தான் பார்த்தான். செங்கல்பட்டு பைபாஸில் திருச்சி பஸ் வந்தது. கல்யாணி இறங்கி, பாதி இறங்கிய கண்ணாடி வழியாகக் குனிந்து ஏதோ சொன்னாள். லாரி ஒன்று போனது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. கேட்பதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தலையை ஆட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஏறிக்கொண்டாள்.

அவன் நேராகச் சாலமோன் கடைக்கு விட்டான். மார்க்கெட்டில் இறங்க வேண்டிய செங்கம்மாள் பின்சீட்டிலேயே இருந்தாள்.

"எல்லாத்தையும் கழட்டு" என்றான் ரவிச்சந்திரன். "அவளுக்காகத்தான் மாட்டினது. கடைசி வரைக்கும் அவ பக்கம் கேக்கவே இல்ல."

சாலமோன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சார், கோச்சிக்காதீங்க. சீட்டு மேல முட்டி போட்டு, பின்னாடிப் பக்கமா திரும்புங்க."

"எதுக்குடா?"

"திரும்புங்க சார்."

ஐம்பதை நெருங்கும் ஆள், டிரைவர் சீட்டில் முட்டி போட்டுப் பின்பக்கம் திரும்பினான். எதிரே செங்கம்மாள் கூடையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள். சாலமோன் பாட்டைப் போட்டான்.

இடது கதவு ஸ்பீக்கர் அதிர்ந்தது. ரவிச்சந்திரனுக்குத் தூக்கிப்போட்டது. "இப்ப லெஃப்ட்டு வருது. ஆனா ரைட்டுல சத்தமே இல்லியே."

"ஸ்பீக்கர் ரெண்டும் இருந்த எடத்துலதான் கீது சார். நீங்கதான் திரும்புனீங்க."

ரவிச்சந்திரன் இடது காதைத் தொட்டுப் பார்த்தான். பதினோரு வருடம். நாற்காலிக்கு இடதுபக்கம் கம்ப்ரஸர்.

"போன மாசமே எனக்கு டவுட்டு சார்" என்றான் சாலமோன் தலையைக் குனிந்து. "நீங்க மாட்டு மாட்டுன்னு வந்துகினே இருந்தீங்க. நானும் மாட்டிட்டேன்."

பாட்டை நிறுத்தினார்கள். ரவிச்சந்திரன் முட்டி போட்டபடியே இருந்தான். கோபத்துக்கு ஆள் தேடி மனசு கல்யாணியிடமே போய் நின்றது.

"காது போனா போவட்டும்" என்றான். "திருச்சிக்குப் போறதுக்கு முன்னாடி அவ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

செங்கம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"இன்னா நைனா இப்டி சொல்ற? மூணு மாசமா அந்தப் பொண்ணு உன் பக்கத்துல குந்திகினு, 'போவட்டுமா, போவட்டுமா'ன்னு கேட்டுகினேதான வந்துச்சு. ஒவ்வொரு வாட்டியும் நீ ஜோரா தலைய ஆட்டுன."