விருது விழாவுக்கு ஆள் வேணும்

"ஏனுங்க வேலாத்தாக்கா, காபி ஊத்த வர்றேன்னவங்க வரலீங்க. ரெண்டு ஆளு கெடைக்குமுங்களா?"

சங்கச் செயலாளர் மாரப்பன் கேட்டபோது, வேலாத்தாள் பட்டுச்சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விழாவே அவளுக்குத்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஆள் சேர்த்துக் கொடுத்ததற்காக, 1993-ஆம் வருஷ விருதைத் தொழில் சங்கம் அவளுக்கு அறிவித்திருந்தது. 'ஆள் இல்லை' என்று அவள் யாரிடமும் சொன்னதே கிடையாது. இன்றைக்கா சொல்வாள்?

திரும்பிப் பார்த்தாள். மண்டபம் நிறைய அவள் வேலைக்குச் சேர்த்துவிட்டவர்கள்தான்.

"சின்னத்தாயி, ஆயம்மா, போய்க் காபி ஊத்துங்க கண்ணு."

ஊற்றினார்கள். டம்ளர் கழுவ ஆளில்லை. நாலு பேரை அனுப்பினாள். மைக் வயரைப் பிடிக்க இரண்டு டெய்லர்கள் போனார்கள். பிடித்த பிடியில் ஃபியூஸ் போனது, மண்டபமே இருண்டது.

"ஜெனரேட்டரைத் தள்ளோணுமுங்க, பத்துப் பேரு!"

"கூட்டிக்கிட்டுப் போங்க."

மேடையில் இருந்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. விசிறிவிட மிச்சமிருந்த பெண்களும் எழுந்தார்கள். கரண்ட் வந்தபோது நாற்காலிகளில் ஓர் ஆள்கூட இல்லை.

"சீஃப் கெஸ்ட் வந்துட்டாருங்க! கூட்டம் எங்கீங்க?" என்று அலறினார் மாரப்பன்.

வேலாத்தாள் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். விருது வாங்கும்போது கைதட்டக்கூட நாதியில்லையா? விடுவிடுவென மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"கையில இருக்கறதப் போட்டுட்டு எல்லாரும் ஓடியாங்க!"

ஈரக் கையோடும் கிரீஸ் கறையோடும் ஓடிவந்து நிறைந்தார்கள்.

சீஃப் கெஸ்ட், சோமனூர் மில் முதலாளி. அழைப்பிதழில் பெயரைப் பார்த்ததோடு சரி, ஆளை அவள் பார்த்ததில்லை. சஃபாரி சூட்டில் கம்பீரமாகப் பேசினார்.

"வேலை கேட்டுப் படியேறுறவனுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்து, உக்காருங்கன்னு சொல்ற எடம் இந்த ஊர்ல ஒண்ணுதானுங்க. அது இந்த அக்கா ஆபீசு!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலாத்தாள் கண்ணைத் துடைத்தாள்.

"எத்தன வேலைய விட்டுப்போட்டு, எனக்காகச் சோமனூர்ல இருந்து வந்தீங்களே சாமி!"

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"நான் சோமனூர் இல்லீங்க, இங்க பக்கத்துல மண்ணரைதானுங்க. காலையில இருந்து உங்க ஆபீசுல வேலை கேட்டு உக்காந்திருந்தனுங்க. மில் மொதலாளி வரலீன்னு இங்கிருந்து போன் வந்ததும், ஒரு மணி நேரத்துக்குச் சீஃப் கெஸ்ட் வேலைன்னு அனுப்பி வெச்சாங்க!"