ரிஜெக்ட் ஆன பெருச்சாளி

புத்தம்புது வாஷிங் மெஷின். அதன் ரப்பர் குழாயைப் பெருச்சாளி கடித்துவிட்டது. சோப்பு நுரை அடுப்படியைத் தாண்டி, வாசல் கோலத்தை அழித்து, எதிர்வீட்டு நஞ்சம்மாவின் படி வரைக்கும் போய் நின்றது.

"ஏன் பவளம், இன்னைக்குத் தெருவையே தொவைக்கிறியா?" என்று நஞ்சம்மா கேட்டார். நுரையைவிட அந்தக் கேள்விதான் பவளத்தை அதிகமாக எரித்தது.

"இந்தா பாருங்க," என்றாள் புருஷனிடம். "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். மானாமதுரைக்கு பஸ் ஏறினேன்னா அப்புறம் யாரு வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

வெள்ளைச்சாமிக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் உத்தியோகம். அளவு சரியில்லாத பீஸின் முதுகில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு இழுத்து ஓரமாக வைக்க வேண்டும். அவர் இழுத்த கோட்டை மேனேஜரே வந்தாலும் அழிக்க முடியாது. அந்தச் செல்வாக்கெல்லாம் கம்பெனி கேட்டோடு சரி. வீட்டில் அவர் சொல் காபி டம்ளரைத் தாண்டி நகராது.

சாயங்காலமே கடைக்குப் போய் எலி மருந்து வாங்கினார். திரும்பி வரும்போது வாசலிலேயே மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணன் குடும்பத்தோடு முன்பக்கத்துப் போர்ஷனில் இருந்தார். பின்பக்கம் வெள்ளைச்சாமிக்கு வாடகை. சென்னகிருஷ்ணன் சுத்த சைவம். முட்டை வண்டி தெருவில் போனால்கூட ஜன்னலைச் சாத்துவார். அப்போதுதான் கடைகளில் வந்து இறங்கியிருந்த கரன்ட் கொசு பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்.

"என்னப்பா அது பொட்டலம்?"

"எலி மருந்துங்க சார்."

"என் வீட்டுல உயிர்க்கொலையா?" பட் என்று ஒரு கொசு பொரிந்தது. "பெருச்சாளி யாரோட வாகனம்னு தெரியுமா உனக்கு?" பட். "அதுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காதா?" பட், பட்.

"கொசுவுக்கும் இருக்கும்ல சார்?"

"அது ரத்தம் குடிக்கிறதுப்பா. அதை உயிர் கணக்குல சேர்க்கக் கூடாது." பேட்டை உதறிவிட்டுத் தொடர்ந்தார். "என் மருமகன் சுரேந்தரைப் பாரு. புது வீட்டுல ஒரே பெருச்சாளி. ஒண்ணைக்கூட அவரு அடிக்கலை. இப்ப ஒண்ணுகூட இல்லை."

"அப்படி என்ன பண்ணினாரு?"

"மனசு சுத்தம்ப்பா, வேற என்ன. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தாருன்னா நேரா பின்பக்கம் போய்க் கைகால் கழுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாரு. அப்படிப்பட்டவங்க வீட்டுல பெருச்சாளி நிக்குமா? மீன் கழுவுற வீட்டுக்குத்தான் வரும். இங்க மருந்து வச்சேன்னு தெரிஞ்சா அன்னைக்கே சாவியைக் கொடுத்துட்டுப் போயிக்கோ."

வெள்ளைச்சாமி ஓசூரில் நாலு வீடு மாறிச் சலித்தவர். இந்த வீட்டில்தான் குழாயில் தண்ணீர் வந்தது. கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. இப்போது பெருச்சாளியைக் கொன்றால் வீடு போகும், விட்டால் பவளம் போவாள். இரண்டும் வேண்டும் என்பதுதான் அவருடைய பேராசை.

முதலில் நஞ்சம்மாவிடம் பூனையை இரவல் வாங்கினார். பெருச்சாளியை நேருக்கு நேர் பார்த்த பூனை பரணில் ஏறிக்கொண்டது. சாப்பாட்டை மேலேயே கொண்டுவரச் சொல்லிக் கத்தியது. இப்போது பவளத்துக்குக் கீழே ஒரு ஜீவன், மேலே ஒரு ஜீவன்.

அடுத்தது பொறி. கருவாட்டுத் துண்டு வைத்ததும் விழுந்துவிட்டது. பூனைக்கு அண்ணன் என்று சொல்லலாம், அந்தப் பருமன். பவளம் டிரம்மில் தண்ணீர் பிடித்துத் தயாராக வைத்திருந்தாள்.

"பொறியோட முக்குங்க. வீட்டுக்காரருக்குத் தெரியவா போகுது?"

வெள்ளைச்சாமி பொறியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே அது கருவாட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சங்கு ஊதிவிடப் போகிறதே என்று கேன்டீனில் அவசர அவசரமாகத் தின்கிற கான்ட்ராக்ட் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"தின்னு முடிக்கட்டும்," என்றார்.

முடித்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

"மனசு வரலை பவளம்."

"கறிக்கடையில தொடையாப் பார்த்து வெட்டச் சொல்றப்ப மட்டும் வருதாக்கும்?"

"அங்க அவன்ல வெட்டுறான்."

பொறியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருக்கோடிக் காலி மனையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலையில் நஞ்சம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டு விருந்தாளியை எங்க வீட்டுக்கு ஏன் சாமி அனுப்பினே? கொட்டி வச்ச ராகியெல்லாம் போச்சு."

அன்று சாயங்காலமே பின்பக்கத்துத் துணி துவைக்கிற கல்லுக்கடியில் பழையபடி மண் குவிந்தது. அடுத்த திங்கட்கிழமை இன்னொன்று கூடவே ஓடியது.

"திங்கக்கிழமையானா தவறாமப் புதுசு ஒண்ணு வந்துருது," என்றாள் பவளம். "கம்பெனில ஷிப்ட் மாறுற மாதிரி."

"புதுசா, பழசா? அதை எப்படிச் சொல்றே?"

"நீங்கதானே இன்ஸ்பெக்டரு. கோடு போட்டுப் பாருங்க."

வெள்ளைச்சாமிக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. கம்பெனியிலிருந்து ஒரு மூடி பெயின்ட் கொண்டுவந்தார். மறுபடி பொறியில் மாட்டிய பெருசின் வாலில் சிவப்பாக ஒரு வளையம் போட்டார். பொறியைச் சாக்கில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு கர்நாடக எல்லைக்கே புறப்பட்டார்.

செக்போஸ்ட்டில் ஒரு கர்நாடகப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சாக்கு நெளிந்தது.

"ஏனு இது?"

"பெருச்சாளி சார். எலி. பெரிய எலி."

"ஹெக்கணா?" போலீஸ்காரர் கன்னடத்தில் அதன் பெயரைச் சொல்லிச் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "தண்ணி எங்ககிட்ட கேக்கறீங்க. எலி மட்டும் எங்களுக்குக் குடுக்கறீங்களா?"

கூட நின்ற லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் போலீஸ்காரரும் சிரித்துக் கையை அசைத்துவிட்டார். அத்திப்பள்ளி தாண்டி, கல் நட்ட புது லேஅவுட் ஒன்றில் பொறியைத் திறந்தார். சிவப்பு வால் புல்லுக்குள் போய் மறைந்தது.

ஊர் திரும்பியபோது அவர் வெறும் வெள்ளைச்சாமி இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் கடத்தியவர். நஞ்சம்மாவே வழிமறித்து விசாரித்தார். வீட்டுக்காரரின் மனைவி சரோஜம்மாள் வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார். அந்த டம்ளரை வாடகைக்காரர்கள் யாரும் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சென்னகிருஷ்ணன் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தினார்.

"நான்தான் சொன்னேன், கொல்லாம அனுப்பிப் பாருன்னு. அனுப்பிட்டான் பாருங்க." பட் என்று பேட்டால் ஒரு கொசுவை அனுப்பினார்.

பவளம் அன்றைக்குக் கேட்காமலே ரெண்டாவது தோசை வைத்தாள்.

இந்தப் பெருமை திங்கட்கிழமை காலை வரை நீடித்தது. பல் விளக்க வந்த சென்னகிருஷ்ணனின் காலைத் தாண்டி, துவைக்கிற கல்லுக்கடியில் ஒரு வால் நுழைந்தது. வாலில் சிவப்பு வளையம்.

"அத்திப்பள்ளியில விட்டேன்னு சொன்னியேப்பா."

"சத்தியமா அங்கதான் சார் விட்டேன்."

"அப்புறம் எப்படி வந்துச்சு? பஸ் ஏறி வந்துச்சா? கண்டக்டர் மீதிச் சில்லறை குடுத்தானா?" தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் பேசினார். "உயிரைக் கொல்றவனைக்கூட மன்னிச்சிடுவேன். பொய் சொல்றவனுக்கு என் வீட்டுல இடமில்லை. வர்ற ஞாயித்துக்கிழமை சாவி என் கையில இருக்கணும்."

வெள்ளி டம்ளர் உள்ளே போய்விட்டது. சிவப்பு வால் மறுபடி பொறியில் விழுந்தது. பவளம் மறுபடி டிரம்மை நிரப்பினாள். இந்தத் தடவை அவள் குரலில் சூடு இல்லை.

"முக்கிருங்க. வீடே போயிருச்சு. இனிமே பாவமாவது புண்ணியமாவது."

வெள்ளைச்சாமி பொறியைத் தண்ணீருக்கு மேலே பிடித்தார். கம்பி வழியாக வால் தொங்கியது. அவர் போட்ட கோடு. அவர் கோடு போட்ட எதுவும் தானாக லைனுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எப்போதுமே யாராவது தூக்கிக்கொண்டு வந்துதான் போட்டிருக்கிறார்கள். பொறியைத் தரையில் வைத்தார்.

"ரிஜெக்ட் பீஸ் திரும்பி வந்தா உடைக்கக் கூடாது பவளம். எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்கணும்."

"பார்த்து?"

"நீ சொன்னியே, திங்கக்கிழமை திங்கக்கிழமைன்னு," என்றார். பொறியை மூலையில் கொண்டுபோய் வைத்தார். வாரம் முழுக்கப் பெருச்சாளிக்குக் கருவாடும், அவருக்கு வெறும் ரசமும் கிடைத்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் டெம்போ வந்து நின்றது. கட்டில் ஏறியது. பீரோ ஏறியது. வாஷிங் மெஷின் ஏறும்போது வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நஞ்சம்மா முன்வரிசையில் நின்றார். அந்த நேரம் பார்த்துக் கர்நாடகா நம்பர் போட்ட கார் ஒன்று டெம்போவுக்குப் பின்னால் வந்து ஒதுங்கியது. சென்னகிருஷ்ணனின் மகள் சரிதா இறங்கி உள்ளே போனாள். மருமகன் சுரேந்தர் இறங்கி, டிக்கியைத் திறக்கப் போனவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றார்.

வெள்ளைச்சாமி நம்பர் பிளேட்டை நிதானமாகப் படித்தார். டிக்கி அருகில் போய் ஒரு தடவை மோந்து பார்த்தார். கம்பெனியில் பீஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பாரே, அந்த முகம். பிறகு சிவப்பு வால் இருந்த பொறியைக் கொண்டுவந்து எல்லோர் காலடியிலும் வைத்தார். சாவியைச் சென்னகிருஷ்ணன் கையில் வைத்தார்.

"சார், போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. உங்க மாப்பிள்ளை ஒண்ணைக்கூடக் கொல்லாம எப்படி ஒழிச்சாருன்னு அவரு வாயாலயே சொல்லச் சொல்லுங்க. அடுத்த வீட்டுக்காவது உதவும்."

சென்னகிருஷ்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொசு பேட்டால் கூட்டத்தைச் சுற்றிக் காட்டினார்.

"சொல்லுங்க மாப்ளே. இந்த ஜனங்களுக்கெல்லாம் கேக்கிற மாதிரி நல்லாச் சொல்லுங்க."

சுரேந்தர் பொறியை எட்டிப் பார்த்தார். பழகின ஆளைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தது.

"அட, இந்தச் சிவப்பு வாலைப் போன வாரம்தானே மாமா கல்லுகிட்ட விட்டுட்டுப் போனேன்? எங்க அத்திப்பள்ளி வீட்டுல மாட்டுறதையெல்லாம் வாராவாரம் டிக்கியில வச்சு இங்கதானே கொண்டுவந்து விடறேன், உயிரைக் கொல்லாத வீடுன்னு எனக்குத் தெரிஞ்சது உங்க வீடு ஒண்ணுதானே!"