பிலாத்துவின் சயாட்டிக்கா

காலில் நோகிறது என்று யாராவது வாய் திறந்தால் உடனே அதற்குச் சயாட்டிக்கா, அதாவது இடுப்பு நரம்பு நோ, என்று பெயர் வைப்பது படித்தவர்களுக்கு வரும் வியாதி. எனக்கும் அது இருந்தது. (நோவைச் சொல்லவில்லை, பெயர் வைக்கும் வியாதியைச் சொல்கிறேன்.)

அப்போது நான் மன்னாரில் ஒரு கந்தோரில் பிரதம லிகிதர். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போய் எங்கே தூங்கும் என்று மனப்பாடமாகச் சொல்வேன். என் சொந்தக் கால் எந்தப் பிரிவின்கீழ் வருகிறது என்பதுதான் தெரியாமல் போனது.

அந்த வருடம் பள்ளிமுனையில், தவக்காலத்தில் போடும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தில் எனக்குப் பிலாத்து வேஷம் கிடைத்தது. இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டு, பொறுப்பில்லை என்று சொல்லிக் கை கழுவும் அதிகாரி. (இவருக்கு ஒத்திகை எதற்கு என்று கந்தோரில் பேசிக்கொண்டார்கள்.) ஆனால் நாடகம் பழக்கும் அண்ணாவியாரிடம் ஒரு சட்டம் இருந்தது. பிலாத்துவின் பித்தளைத் தகடு பதித்த இடுப்புப்பட்டி, ஈர்க்கு மாதிரி இருந்த பழைய பிலாத்து ஒருவருக்காகச் செய்தது. அதன் கொளுக்கி யாருடைய இடுப்பில் கொளுவுகிறதோ அவன்தான் பிலாத்து. புதுப் பட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை; ஒத்திகைக்கும் அதைக் கட்டியே ஆகவேண்டும்.

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். கொளுவியது. மூச்சை வெளியே விடுவதை உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒத்திவைத்தேன்.

எனக்குத் தண்ணீர்ச் செம்பு ஏந்தும் சேவகனாக வந்தவன் என் மனைவியின் தம்பி சவிரி. நெத்தலி உடம்பு. அந்தப் பட்டியைப் போட்டுக்கொண்டு அவன் சாப்பாட்டுக்கும் போயிருப்பான். நான் விழுந்தால் பிலாத்து அவன்தான் என்பது ஊருக்கே தெரியும்.

ஒத்திகை தொடங்கிச் சில நாளில் என் வலது தொடையின் வெளிப்பக்கம் எரியத் தொடங்கியது. கிள்ளினால் மரத்திருக்கும். இடுப்பில் கட்டிய சாரம் உரசினால் மிளகாய்த் தூள் பூசியது போலிருக்கும். சயாட்டிக்கா என்று அன்றே தீர்ப்பளித்தேன். என் மேலதிகாரிக்கும் அதுதான் இருந்தது. ஆகவே அந்தஸ்தான வருத்தம். கட்டிலை விட்டு நிலத்தில் படுத்தேன். பூசையில் எல்லோரும் முழங்காலில் நிற்க, நான் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"அத்தான், ஏலாட்டி விடுங்கோவன். நான் செய்யிறன்" என்றான் சவிரி, கண்ணீர் வராத குறையாக.

"சயாட்டிக்காவோட நாட்டையே ஆண்டவங்கள் இருக்கிறாங்கள். நீ செம்பைப் பிடி!"

என் மனைவி திரேசுக்கு அந்தஸ்தெல்லாம் புரியாது. "இஞ்சருங்கோ, ஒத்திகைக்குப் போட்டு வந்தாத்தானே உங்களுக்கு எரியுது? ஒத்திகை இல்லாத நாள் மான்குட்டி மாதிரித் திரியிறியள்."

தற்செயல் என்றேன். அவள் என்னை ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். நான் நோயின் பெயரையும் சொல்லி, சிகிச்சையையும் சிபாரிசு செய்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் படுக்க வைத்து, முழங்கால் மடியாமல் காலை உயர்த்தினார். நோகவில்லை. இருமச் சொன்னார். நோகவில்லை. நுனிக்காலிலும் குதியிலும் நடக்கவிட்டார். நடந்தேன். பாதத்தில் நாடி பார்த்தார், கெண்டைக்காலை அமத்திப் பார்த்தார்.

"நடந்தாக் கெண்டைக்கால் இழுத்துப்பிடிச்சு, நிண்டா விடுகுதோ ஐயா?"

"இல்லை."

"முதுகடியில, நாரியிலயிருந்து நோ முழங்காலுக்குக் கீழ இறங்குதோ?"

"இறங்க வேணும்" என்றேன், சட்டத்தை மேற்கோள் காட்டும் குரலில்.

"இறங்குதோ?"

"...இல்லை."

"அப்ப இது சயாட்டிக்கா இல்லை. துடையின்ர வெளித்தோலுக்குப் போற ஒரு நரம்பு இடுப்படியில நெரிபடுது. இடுப்பில என்ன இறுக்கிக் கட்டுறனீங்கள்?"

"ஒண்டுமில்லை!"

"பிலாத்துவின்ர பட்டி" என்றாள் திரேஸ்.

டொக்டர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பட்டியைக் கழற்றுங்கோ, சுகம் வரும் என்றார். அவ்வளவுதான்! ஒரு குளிசை இல்லை, ஊசி இல்லை. மரியாதைக்காவது என்னைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கலாம்.

கழற்றினால் வேஷம் போய்விடும். அதனால் ஒரு நிர்வாக ஏற்பாடு செய்தேன். நாடகத்தன்று கொளுக்கியைக் கொளுவாமல், பட்டியின் இரு முனையையும் நூலால் தளர்வாகக் கட்டி, மேலே சிவப்புப் போர்வையால் மறைத்தேன். என் கீழாடையும் அந்தப் பட்டியை நம்பித்தான் நின்றது என்பதை மறந்துபோனேன்.

கோயில் வளவு நிரம்பிச் சனம். சிலுவையில் அறையச் சொல்லிக் கூட்டம் கத்தியது. நான் சிம்மாசனத்திலிருந்து பாதி எழும்பினேன். நூல் அறுந்தது. திரும்ப இருந்துவிட்டேன்.

சவிரி செம்போடு வந்து நின்றான். "அத்தான், எழும்புங்கோ."

"ஏலாது."

"சயாட்டிக்காவோ?"

"உடுப்பு கழண்டு போச்சடா, மடையா!"

மேடைக்குப் பக்கத்திலிருந்து அண்ணாவியார் உறுமினார்: "பிலாத்து! எழும்பிக் கையைக் கழுவும்!"

எழும்பினேன். இடது கை போர்வைக்குள் என் மானத்தை இறுகப் பிடித்திருந்தது. வலது கையை மட்டும் நீட்டினேன். சவிரி தண்ணீர் ஊற்றினான். இதில் எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று முழங்கினேன். அதுவரை அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழும்பி, "தம்பி, மற்றக் கை?" என்று கேட்டாள்.

சனம் வெடித்துச் சிரித்தது. கட்டுண்டு நின்ற இயேசுவே தலையைக் குனிந்துகொண்டார்; அவருடைய தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

அடுத்த வருடம் பிலாத்து சவிரிதான். என் தொடை எரிச்சல், டொக்டர் சொன்னபடியே, வெட்கமில்லாமல் சுகமாகிவிட்டது. இப்போது சவிரிக்கும் வயிறு வைத்துவிட்டது. கால் எரிகிறது, சயாட்டிக்காவாக இருக்குமோ என்று போன வாரம் கேட்டான். முதலில் பெல்ட்டைக் கழற்று, பிறகு பெயர் வை என்றேன்.

ஆனால் எனக்குத்தான் விடுதலை இல்லை. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், கேற் திறந்து கிடந்து ஆடு பூக்கன்றைத் தின்றாலும், அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொன்ன உடனே குசினிக்குள்ளிருந்து திரேசின் குரல் வரும்:

"எந்தக் கையைக் கழுவிப்போட்டுச் சொல்லுறியள்?"