கார்பன் ஃபிரேமும் திரும்பாத கழுத்தும்

"கழுத்தை மெதுவா வலப்பக்கம் திருப்புங்க" என்று எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியிடம் சொல்லிவிட்டு, பிசியோ மேடம் தானும் திருப்பிக் காட்டப் போனார். பாதியிலேயே உயிர் போய்த் திரும்பி வந்தது.

"சரியாப் புரியல மேடம். இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க."

"நான் பண்ணினா நீங்க என்னைத்தான் பாப்பீங்க. உங்க கழுத்து மேல கவனமே இருக்காது" என்று சமாளித்தார்.

இருபது வருடமாக அந்த எலும்பு மருத்துவமனையில் ஊரார் வலியை விரட்டியவருக்கு இந்த வலி வந்தது ஒரு சைக்கிளால்.

மருத்துவமனையின் பெரிய டாக்டர் ஆறு மாதமாக ஞாயிறுதோறும் ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார். முப்பது கிலோமீட்டர். கிளம்பியதும் முதல் வளைவிலேயே டாக்டர் கண்ணுக்கு மறைந்துவிடுவார். மற்றவர்கள் நாக்குத் தள்ளப் போய்ச் சேரும்போது, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"எல்லாம் ஃபிரேம்தான். கார்பன். காத்தையே கிழிச்சுக்கிட்டுப் போகும்" என்பார்.

அதைக் கேட்டு மேடமும் ஐந்து வாரத்துக்கு முன்னால் அதே மாதிரி சைக்கிளை வாங்கினார். டாக்டர் எல்லார் எதிரிலும் கை தட்டினார். அதோடு விட்டாரா? இந்தத் திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'ஞாயிறு காலை, ஏரிக்கரைப் பூங்கா. வலியில்லாமல் சைக்கிள் ஓட்டுவது எப்படி? பேசுபவர்: நம் பிசியோ மேடம்.'

அன்று சாயங்காலமே மேடம் சைக்கிள் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அவரை சைக்கிள் மேல் உட்காரச் சொல்லி ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மேல் குழாய் நீளம், முன்பக்கம் தாழ்வு. பந்தயக்காரங்க படுத்துக்கிட்டு ஓட்டறதுக்குப் பண்ணின ஃபிரேம் இது மேடம். உங்க முதுகு அவ்வளவு குனியாது."

"முதுகைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

"தப்பா நினைக்காதீங்க. காத்தைக் கிழிக்கத்தான் இந்தக் குனிவு. என்ன வேகத்துல போறீங்க?"

"பதினெட்டு."

"சமதரையிலயா?"

"இறக்கத்துல."

"அப்ப நீங்க போறது காத்துக்கே தெரியாது மேடம்."

"கார்பன்னா மேடு பள்ளமே தெரியாதுன்னாங்களே?"

"வெளியில இருக்கற காத்தை விடுங்க, டயருக்குள்ள இருக்கற காத்தைப் பாருங்க. சொகுசு பாதி அங்கதான் இருக்கு. ஆனா அகல டயர் போட இந்த ஃபிரேம்ல இடம் இல்ல. நிமிர்ந்து ஓட்டற ஃபிரேம் ஒண்ணு இருக்கு. மாத்திக்கறீங்களா?"

"ஐயோ, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதுதான்!"

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, ஹேண்டிலுக்கு அடியில் இரண்டு வளையங்களைச் செருகி உயர்த்திக் கொடுத்தார். கழுத்து கொஞ்சம் இளகியது. ஆனால் ஹேண்டில் இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தது. செவ்வாயன்று மேடம் தானே சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டார். ஹேண்டில் எட்டியது, முழங்கால் பிடித்துக்கொண்டது.

புதனன்று சீட்டைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, ஹேண்டிலைத் தாங்கும் கட்டையைக் குட்டையாக மாற்றச் சொன்னார்.

"சைக்கிள் கொஞ்சம் துடுக்காத் திரும்பும், பாத்துக்கங்க" என்றார் கடைக்காரர்.

கொஞ்சம் அல்ல. தெருமுனையில் மேடம் ஒரு தும்மல் தும்மினார். சைக்கிள் நேராகச் சலவைக்கடைக்குள் போய்விட்டது. உலர்த்தியிருந்த படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தவரைப் பார்த்துச் சலவைக்காரர் கேட்டார்: "விரிப்பு வாங்க வந்தீங்களா மேடம்? உங்களுது சின்னதா, பெருசா?"

வியாழனன்று சீட்டின் மேல் தடிமனான பஞ்சு உறை போட்டார். அது உயரத்தைக் கூட்டிவிட்டதில் இடுப்பும் கோபித்துக்கொண்டது.

சனிக்கிழமை மாலை சோபாவில் சாய்ந்தவரை வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவர் உற்றுப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில உன் ரூம் சுவத்துல ஒரு மனுஷப் படம் ஒட்டியிருப்பியே, வலிக்கற இடமெல்லாம் சிவப்பா? அது இப்ப நீதான். பேசாம உண்மையைச் சொல்லிடு."

"வலியில்லாம ஓட்டறது எப்படின்னு பேசப் போறவ, எனக்கே வலிக்குதுன்னு சொல்றதா? நாளைக்கு எவன் என்கிட்ட கழுத்தைக் கொடுப்பான்?"

ஞாயிறு காலை கூட்டம் கிளம்பியது. வழக்கம்போல டாக்டர் முதல் வளைவில் மறைந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக முந்திப் போனார்கள். பத்தாவது கிலோமீட்டரில் மேடத்தின் கழுத்து இனி முடியாது என்று சொல்லிவிட்டது. சாலையோரம் இறங்கிக் கணவரைப் போனில் கூப்பிட்டார்.

கணவர் காரோடு வந்தார். முன்சக்கரத்தைக் கழற்றி சைக்கிளைப் பின்சீட்டில் சாய்த்தார். மிச்சமிருந்த இடத்தில் மேடம் சுருண்டு படுத்தார். அடடா! எத்தனை நாளைக்கப்புறம் உடம்பில் ஓர் இடமும் வலிக்கவில்லை!

"பூங்காவுக்கு முன்னாடி கடைசி வளைவுல இறக்கி விடுங்க. அங்கேர்ந்து ஓட்டிக்கிட்டே போயிடறேன்."

"தலையைக் குனி. உங்க லேப் ஆளுங்க முன்னாடி போறாங்க."

குனிந்தார். கணக்கெழுதுபவர், நர்ஸ்கள், மருந்தகத்துக்காரர் என்று எல்லாரையும் கார் தாண்டியது. டாக்டரை மட்டும் காணோம்.

"இதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரா? மனுஷனா அவர்!"

கடைசி வளைவில் ஒரு பெரிய மரம். மேடம் இறங்கிய பிறகுதான் மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கார் நிற்பது தெரிந்தது. அதில் சாய்ந்தபடி டாக்டரின் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டரைத் திரும்பக் கூட்டிப் போக வந்திருக்கிறார் போலிருக்கிறது. மேடத்தின் கையில் முன்சக்கரம். பின்னால், சைக்கிளின் மீதியைத் தோளில் சுமந்தபடி கணவர். என்ன பொய் சொல்வது?

"தம்பி, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கொட்டிவிட்டார். "என்னால முடியல. கழுத்து, முட்டி, இடுப்பு எல்லாம் போச்சு. இந்தச் சைக்கிள் எனக்கு ஒத்துக்கவே இல்ல."

சொல்லி முடித்ததும், ஐந்து வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கிப் போனது. யார் என்ன நினைத்தால் என்ன? பூங்காவிலும் இதையே சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

டிரைவர் டீயைக் காரின் மேல் வைத்துவிட்டு, சக்கரத்தை வாங்கி நிதானமாக மாட்டினார். அதில் நல்ல பழக்கம் தெரிந்தது. பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"வேர்த்த மாதிரி முகத்துல கொஞ்சம் தெளிச்சுக்கிட்டு, ஒரு பத்து நிமிஷம் கழிச்சுப் போங்க மேடம். டாக்டரை இப்பதான் இறக்கி விட்டேன்."