விக்ரோறியா மகாராணி பூட்டி வைத்த தாலிக்கொடி

ஒரு குடும்பம் தன் பிள்ளைகளில் ஒருவனைப் 'பொறுப்பானவன்' என்று முடிவுகட்டிவிட்டால், அதன்பிறகு நடப்பதற்கெல்லாம் அந்தப் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்திருந்தது. படிக்கப் போன இடத்திலேயே, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், வேலையும் எடுத்து இருந்துவிட்டேன். அம்மாவும் அண்ணன் சுதனும் ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு மூளை கொஞ்சம் கூட என்பது அம்மாவின் நம்பிக்கை. (என்னுடைய நம்பிக்கையும் அதுதான்.)

அண்ணனுக்கு மே மாதத்தில் கலியாணம். மண்டபம் ஸ்காபரோவில். நாள், திங்கட்கிழமை. அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைநாளில் கலியாணம் வைத்தால் யார் வருவார்கள்? எங்கள் அலுவலகத்தில் மே மாத விடுமுறை அதற்கு அடுத்த திங்கள்தான். மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு எடுத்தேன். நானூறு விருந்தாளிகளும் அதே திங்கட்கிழமை எப்படி வேலைக்குப் போகாமல் வரப்போகிறார்கள் என்று பொறுப்பானவன் ஒருதடவைகூட யோசிக்கவில்லை.

என்னிடம் ஒப்படைத்த வேலை ஒன்றே ஒன்று. தாலிக்கொடி. அப்பா போனபிறகு அம்மா கழற்றி வைத்த தன் கொடியை அழித்து, அதே பொன்னில் மருமகளுக்கென்று புதிதாகச் செய்வித்திருந்தார். அது வங்கி லொக்கரில் இருந்தது. லொக்கர் அம்மாவின் பெயரிலும் என் பெயரிலும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் போய் இறங்கியபோது வீடு நிறையச் சனம். லண்டன் மாமியின் குடும்பம் மாடிப்படிவரை படுக்கை விரித்திருந்தது.

"தம்பி, கொடியை எப்ப எடுக்கப்போறாய்?" என்று அம்மா கேட்டார்.

"உவ்வளவு சனம் இருக்கிற வீட்டில நகையை வைக்கக்கூடாதம்மா. கடைசி நேரம் வரைக்கும் பாங்க்கில இருக்கிறதுதான் சேஃப். நான் நேர மண்டபத்துக்கே கொண்டுவாறன்."

அம்மா மாமியைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியளே, எப்பிடி யோசிக்கிறான்!"

சனிக்கிழமை எடுத்து என் கைவசம் வைத்திருப்பேன் என்று அம்மா நினைத்திருக்கிறார். எனக்கோ, கடைசி நேரம் என்றால் கடைசி நேரம்தான்.

திங்கள் காலை பட்டு வேட்டி, சால்வையோடு காரில் புறப்பட்டேன். நெடுஞ்சாலை வெறிச்சென்று கிடந்தது. கனடாக்காரர் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகிவிட்டார்கள்போல என்று எண்ணிக்கொண்டேன். வங்கி வாசலுக்கு நேரே வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. நல்ல சகுனம் என்றும் எண்ணிக்கொண்டேன்.

காசு எடுக்கும் மெஷின் இருக்கும் முன்னறை திறந்திருந்தது. உள்கதவு திறக்கவில்லை. இழுத்தேன், தள்ளினேன், தட்டினேன். மெஷினில் காசு எடுத்துக்கொண்டிருந்த வயதான தமிழர் ஒருவர் திரும்பினார்.

"தம்பி, உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை. இண்டைக்கு லீவு."

"என்ன லீவு அங்கிள்?"

"மகாராணியின்ர பிறந்தநாள்."

"எந்த மகாராணி?"

"விக்ரோறியா."

"அவ செத்து நூறு வருஷத்துக்கு மேலயெல்லே?"

"ஓம். லீவு இன்னும் சாகேல்லை." பிறகுதான் என் வேட்டியைக் கவனித்தார். "கலியாணத்துக்கோ? லோங் வீக்கெண்ட் எண்டா எல்லாரும் உதுதான். காசெடுக்க வந்தனீரோ?"

"இல்லை அங்கிள், தாலி எடுக்க வந்தனான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். "உதிலயோ?"

வங்கியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். இனிமையான வாத்திய இசை வந்தது. இசை மட்டுமே வந்தது. கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தேன். லொக்கர் அறைக்குப் போகும் கதவு, கைக்கெட்டும் தூரம்போலத் தெரிந்தது.

மண்டப வாசலிலேயே அம்மா நின்றார்.

"கொண்டந்திட்டியே?"

"அம்மா... மகாராணிக்குப் பிறந்தநாளாம்."

விஷயம் விளங்கியதும் அம்மா கதிரையில் அமர்ந்துவிட்டார். ஏசவில்லை. "அது கொப்பா எனக்குக் கட்டின பொன்னடா" என்று மட்டும் சொன்னார். அப்படியே எல்லை வரைக்கும் ஓடியிருப்பேன். வேட்டியோடு ஓடிப் பழக்கமில்லை.

பெண்ணின் தகப்பனார் மட்டக்களப்புக்காரர். அவர்தான் என் தோளைப் பிடித்தார். "பறவாயில்ல மகன், முதல்ல தண்ணியக் குடிங்க." குடித்து முடிந்ததும் கையோடு மகளிடம் கூட்டிப்போனார். மணப்பெண் தர்ஷினி கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பாதி கட்டிய கொண்டையோடு என்னைப் பார்த்தார்.

"சீரியஸா? விக்ரோறியா டே எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"அங்க இல்லை..." என்றேன்.

தர்ஷினி சிரிக்கத் தொடங்கினார். பூசிய மையெல்லாம் கரையப்போகிறது என்று அலங்காரம் செய்த அக்கா அதட்டும்வரை சிரித்தார். "நாளைக்கு பாங்க் ஓப்பின்தானே? அப்ப கொடிய நாளைக்குக் கட்டுவம். இண்டைக்கு என்ன கட்டலாம் எண்டு ஐயரைக் கேளுங்க."

ஐயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மஞ்சள் கயித்தில ஒரு மஞ்சள் துண்டைக் கட்டினாக் காணும். ஒரு குறையும் இல்லை. தேங்காயை இஞ்சால தாங்கோ."

கூறைத் தட்டில் மஞ்சள் கயிற்றை வைத்துச் சபையோரின் ஆசிக்காகக் கொண்டுபோகும் தண்டனை எனக்கு. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு அன்ரியாவது குனிந்து தேடினார்.

"தம்பி, இது எத்தினை பவுண்?"

"லைட் வெயிற், அன்ரி."

முகூர்த்தத்தில் அண்ணன் மஞ்சள் கயிற்றைக் கட்டினான். மேளம் முழங்கியது. அம்மா அட்சதை போட்டார். ஆனால் கை மட்டும்தான் போட்டது.

மறுநாள் வங்கி திறக்கும்போது வாசலில் நாங்கள் நால்வர் நின்றோம். (அம்மா என்னைத் தனியாக அனுப்ப மறுத்துவிட்டார்.) லொக்கர் பார்ப்பவர்களுக்கென்று இருக்கும் சின்ன அறையில் அம்மா கொடியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நேரம் பார்த்தார்.

"ஐயர் சொன்ன நல்ல நேரம் முடியப்போகுது. இந்த ட்ரஃபிக்கில வீட்டை போய்ச் சேரேலாது. சுதன், இஞ்சையே கட்டு."

ரீசேர்ட் போட்ட அண்ணன், ஜீன்ஸ் போட்ட அண்ணிக்கு, இரண்டு கதிரைக்கும் ஒரு மேசைக்கும் நடுவில் நெளிந்து நின்று தாலிக்கொடி கட்டினான். என் கைபேசியிலிருந்து நாதஸ்வரம். எட்டிப் பார்த்த வங்கிப் பெண் கைதட்ட, வரிசையில் நின்றவர்கள் காரணம் தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். அம்மா வெளியே வந்து, மேசையில் இருந்த வங்கியின் ரொஃபிகளையே எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

அண்ணன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பது மண்டபத்துப் படம் அல்ல, அன்று அந்த அறையில் நான் எடுத்த படம். அப்பா போனபிறகு அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் படம் எங்களிடம் அது ஒன்றுதான். பார்க்க வருகிறவர்களுக்கு அம்மா இன்றைக்கும் அந்தக் கதையை ஆதியிலிருந்து சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் மடையனாகிக்கொண்டு போகிறேன்.

அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் அண்ணனின் மகள். போனமாதம் எனக்குப் பெண் பார்க்கும் பேச்சு எழுந்தபோது, அவள் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து அக்கறையோடு கேட்டாள்:

"சித்தப்பா, உங்கட வெடிங் எந்த பாங்க்கில?"