காரின் காணாமற்போன ஏழாண்டுகள்

என் பழைய காரை விற்கப்போவதாக வாராவாரம் விளம்பரம் கொடுப்பது என்றும், எக்காரணம் கொண்டும் அதை விற்பதில்லை என்றும் ஒரே நாளில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றினேன். முதலாவது என் மனைவிக்குத் தெரியும். இரண்டாவது எனக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரியும்.

என்னைவிட மூன்று வயது மூத்த கார் அது. பழைய இரும்புக் கடை ஒன்றின் பின்புறம் ஒரு சக்கரம் குறைவாகக் கிடந்ததை வாங்கிவந்து, ஓய்வுபெற்ற பிறகான நான்கு ஆண்டுகளையும் அதன்மேல் தேய்த்தேன். துருவைத் தேய்த்தேன், பம்பரைத் தேய்த்தேன். தேய்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாத நாளில்தான் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்பது தெரிந்தது. மகள் தொலைவில் இருந்தாள். அலுவலக நண்பர்களின் தொலைபேசி அழைப்புகள் என்றோ நின்றுவிட்டன. நானும் மனைவியும் நாளொன்றுக்கு ஆறு வாக்கியங்கள் பேசுவோம். அவற்றுள் நான்கு, நான் குழாயைச் சரியாக மூடாதது பற்றியவை.

"வண்டி வேலதான் முடிஞ்சுபோச்சே, வித்துருங்க. ஷெட்டாவது காலியாகட்டும்" என்றாள் அவள்.

விளம்பரம் வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். காரைச் சுற்றினார்கள். கதவைத் திறந்து மூடினார்கள். "இதுக்கு முன்னாடி யார் சார் வச்சிருந்தாங்க?" என்றார் ஒருவர். நான் வாயைத் திறந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மூடினேன். அத்தனை ஆண்டுகளில் யாரும் என்னை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கார் போய்விட்டால் இவர்களும் வரமாட்டார்கள் என்பது அப்போதே உறைத்தது.

ஆகவே ஒரு விதியை வகுத்தேன். காரின் முதல் உரிமையாளர் ஒரு கண் மருத்துவர். இரண்டாமவர் புகைப்பட நிலையம் நடத்தியவர். நான்காமவர் இரும்புக் கடைக்காரர். மூன்றாமவர் யார் என்பது மட்டும் தெரியாது. பதிவுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எலி தின்றுவிட்டது. ஏழாண்டுகள் காணவில்லை.

"வரலாறு முழுசாத் தெரியாத வண்டிய வித்தா மனசாட்சி உறுத்தும் சார்" என்பேன் வருபவர்களிடம். "அந்த மூணாவது ஆளு யாருன்னு தெரியிற அன்னிக்கே சாவியக் கையில குடுத்துடறேன். அடுத்த ஞாயிறு வாங்களேன்!"

வந்தவர்கள் என் நேர்மையைக் கண்டு உருகினார்கள். நானோ அந்த ஆளைத் தேடவேயில்லை. தேடப்போய் அவர் கிடைத்துத் தொலைத்தால்?

"இன்னிக்கும் விக்கலியா?" என்பாள் மனைவி.

"யோசிக்கிறாங்களாம்."

"மூணு டம்ளர் டீ குடிச்சுட்டு அப்படி என்ன யோசனை?"

"பழைய கார் வாங்கறதுன்னா சும்மாவா?"

"வாங்கறவங்களப் பாத்தா வாங்கறவங்க மாதிரியே தெரியல. விக்கிறவரப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு."

நான் உடனே குழாயை மூடப் போய்விடுவேன்.

ஆளில்லாத இடத்தில் கதை செழித்து வளர்ந்தது. பின்கதவுகளுக்கு மேலே, எதிரெதிராக இரண்டு துளைகள் இருந்தன. முதல் வாரம் அவை வெறும் துளைகள். மூன்றாம் வாரம் துப்பாக்கிக் குண்டு துளைத்தவை ஆயின. ஐந்தாம் வாரம் பின்சீட்டில் ஒரு வைரக் கடத்தல்காரன் ஏறி அமர்ந்தான். எட்டாம் வாரம் அவனுக்கு ஒரு காதலியும் அமைந்தாள்.

வாரந்தவறாமல் வந்தவர் ஒருவர் உண்டு. குடையோடு வருவார், மடக்கு நாற்காலியில் அமர்வார், உம் கொட்டுவார். விலை கேட்டதில்லை. நான் அவருக்கு 'உம்காரர்' என்று பெயரிட்டிருந்தேன். மற்றவர்கள் குறைந்து குறைந்து, பன்னிரண்டாம் ஞாயிறன்று அவர் ஒருவர்தாம் வந்தார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று தட்டில் மூன்று டம்ளர்களுடன் வந்த மனைவி, தேநீரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அந்த மூணாவது ஆளு கெடச்சா சாவியக் குடுத்துடுவீங்கதானே?"

"கண்டிப்பா."

"சார் முன்னாடி சொல்றீங்க."

"யார் முன்னாடி வேணும்னாலும் சொல்றேன்!"

"அப்போ சார்கிட்டயே குடுங்க. அவருதான் அந்த ஏழு வருஷமும் வச்சிருந்தாரு."

உம்காரர் சட்டைப்பையிலிருந்து மஞ்சளேறிய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கார் எண், அவர் பெயர், தேதி எல்லாம் இருந்தன. பன்னிரண்டு வாரங்களில் முதன்முறையாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"சலவைக் கடை வச்சிருந்தேன் சார். அந்த ஓட்டை ரெண்டும் நான் போட்டதுதான். குறுக்க ஒரு கம்பி. தேச்ச சட்டை கசங்காமத் தொங்கணும் பாருங்க."

கடத்தல்காரன் காதலியைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டு போய்விட்டான்.

"இத்தன வாரமா ஏன் சார் சொல்லல?"

"விளம்பரத்துல வண்டி நம்பரப் பாத்துதான் வந்தேன். ஆனா நீங்க அவ்வளவு நல்லாச் சொன்னீங்க. வீட்டுல நான் ஒருத்தன்தான் சார். என் வண்டி இப்படியெல்லாம் வாழ்ந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு."

நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"காலி டம்ளரக் குடுக்க வந்தப்போ, 'அந்தக் கம்பி எங்கம்மா போச்சு'ன்னாரு. எந்தக் கம்பின்னு கேட்டேன். சொன்னாரு. நீங்கதான் அவர ஒண்ணுமே கேக்கலியே!"

பேச வேண்டியதையெல்லாம் இருவரும் முன்னமே பேசி முடித்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் என்னுடையது. உம்காரர் குடையைப் பின்சீட்டில் வைத்தார். இருக்கையைத் தம் உயரத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டார். ஒரே திருப்பில் வண்டியைக் கிளப்பினார். எனக்கு அது மூன்றாவது திருப்பில்தான் கிளம்பும்.

ஷெட்டில் நான்கு சக்கரத் தடங்களும் ஓர் எண்ணெய்க் கறையும் எஞ்சின. சுவர்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளி நின்றதை நான் கவனித்ததே இல்லை.

"இனிமே ஞாயித்துக்கிழமைன்னா யாரு வருவா நம்ம வீட்டுக்கு?" என்றேன்.

அவள் மடக்கு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும் வரமாட்டாங்க. அதுக்குத்தானே வித்தேன்."